ஸ்பானிஷ்ல இருந்து இத்தாலியனுக்கு டூரிசம் டெக்ஸ்ட் மாத்த நம்பிக்கையான ஆள எப்படி கண்டுபிடிக்கறது?

நெடுவழி:

வணக்கம் எல்லாருக்கும். பதிவு கொஞ்சம் நீளம், ஆனா முழுசா சொன்னாதான் புரியும்னு எழுதறேன். நான் ஒரு சின்ன வாக்கிங் டூர் கம்பெனில கன்டென்ட் பாத்துக்கறேன். எங்க டூர் மொத்தமும் வடக்கு ஸ்பெயின்ல காமினோ தே சந்தியாகோங்கற யாத்திரை பாதைலதான், சாரியா ஊர்ல ஆரம்பிச்சு சந்தியாகோ தே கொம்போஸ்தேலா வரைக்கும் சுமார் 115 கிலோமீட்டர், ஒரு வாரம் நடக்கறது. இத்தாலில இருந்து நெறைய பேர் அந்த பாதைக்கு வராங்க, அதனால எங்க வெப்சைட், டூர் கையேடு, புக்கிங் கண்டிஷன் எல்லாத்தையும் ஸ்பானிஷ்ல இருந்து இத்தாலியனுக்கு மாத்தணும், மொத்தம் 18,000 வார்த்தை வருது.

ஏற்கனவே ஒரு தடவ சூடு பட்டாச்சு. போன சீசனுக்கு முன்னாடி ஒரு ஏஜென்சிகிட்ட குடுத்தோம், ரெண்டும் லத்தீன் வயித்துல பொறந்த மொழி, பெருசா என்ன வித்தியாசம் இருக்கப்போகுதுன்னு நாங்களும் நெனச்சோம், அவங்களும் அப்படியேதான் சொன்னாங்க, மூணே நாள்ல முடிச்சு குடுத்துட்டாங்க. எனக்கு ஸ்பானிஷ் ஓரளவு வரும், இத்தாலியன் சுத்தமா தெரியாது, பாக்க நல்லாத்தானே இருக்குன்னு அப்படியே ஏத்திட்டேன்.

மே மாசம் ஒரு இத்தாலி தம்பதி வந்தாங்க, ரெண்டு பேருக்குமே 60 வயசுக்கு மேல. முதல் நாள் ராத்திரி தங்கற எடத்துல கதவ தொறந்தா உள்ள ரெண்டடுக்கு கட்டில் வரிசையா 12, கம்பி பூரா யாரோ தொவைச்சு போட்ட சாக்ஸ் தொங்குது. அந்த அம்மா உள்ளயே போகல, பைய மடில வெச்சுக்கிட்டு வாசப்படிலயே உக்காந்துட்டாங்க. ஐயா எங்க கையேட்ட விரிச்சு ஒரே ஒரு வார்த்தை மேல வெரல வெச்சு எங்க கைடுகிட்ட காட்டிக்கிட்டே இருந்தாரு. ஸ்பானிஷ்ல நாங்க எழுதினது அல்பேர்கே, அதாவது யாத்ரீகருங்க கூட்டமா தங்கற விடுதி. இத்தாலியன்ல அச்சாகி இருந்தது அல்பெர்கோ, அதுக்கு ஹோட்டல்னு அர்த்தமாம். அன்னிக்கு ராத்திரி ஒம்பது மணிக்கு மேல வேற ரூம் தேடி அலைஞ்சோம். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, அந்த அம்மா மொகம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

அதுக்கப்பறம் தோண்ட ஆரம்பிச்சா ஒவ்வொன்னா வருது. காலைல 8 மணிக்கு கிளம்பறதுன்னு சொல்ல ஸ்பானிஷ்ல சலீதா 8:00னு போட்டிருந்தோம், அது இத்தாலியன்ல சலீத்தானு வந்திருக்கு, அதுக்கு ஏத்தம், மேடு ஏறறதுன்னு அர்த்தம். ஒருத்தர் மெயில் போட்டு கேக்கறாரு, எட்டு மணிக்கு ஏத்தம்னா நாங்க எத்தன மணிக்கு கிளம்பணும்னு.

இப்ப எல்லாத்தையும் தூக்கி போட்டுட்டு புதுசா செய்யணும். எங்க தேடறது, கெடைக்கற ஆள் நல்லவரான்னு இத்தாலியன் தெரியாத நான் எப்படி கண்டுபிடிக்கறது, முதல்ல இங்கிலீஷுக்கு மாத்தி அங்கிருந்து இத்தாலியனுக்கு போகலாமா, மெஷின்ல போட்டு ஆள வெச்சு திருத்தினா போதுமா, அனுபவம் இருக்கறவங்க தயவு செஞ்சு சொல்லுங்க.


சொல்தராசு:

படிச்சதும் மனசு கஷ்டமா போச்சுங்க. நான் 11 வருஷமா டிரான்ஸ்லேஷன் ப்ராஜெக்ட் மேனேஜர், அதுல பாதி நாள் ஸ்பானிஷ், இத்தாலியன், போர்ச்சுகீஸ் இந்த மூணோடயே போகுது. நீங்க சொன்னதுல முதல்ல என் கண்ணுல பட்டது அந்த மூணு நாள். தேர்ந்த ஆள் நிதானமா செஞ்சா ஒரு நாளைக்கு 2,000 வார்த்தை, மிஞ்சிப்போனா 2,500. அப்படின்னா உங்க வேலை எட்டு ஒம்பது நாள், அதுக்கு மேல இன்னொருத்தர் உக்காந்து ஒப்பிட்டு படிச்சு திருத்தற நாள் தனி. மூணு நாள்ல வந்துச்சுன்னா நாலஞ்சு பேருக்கு பிச்சு குடுத்திருப்பாங்க, இல்ல மெஷின்ல போட்டு மேல லேசா தடவியிருப்பாங்க.

ஆனா சலீதா தப்ப பாத்தா எனக்கு வேற ஒன்னு தோணுது. இப்ப இருக்கற மெஷின் அந்த வார்த்தைய பெரும்பாலும் சரியாவே போடும். இது ஸ்பானிஷ் தாய்மொழியா இருக்கற ஒருத்தர், இத்தாலியன காதால பழகினவர், கைப்போக்குல எழுதின தப்பு மாதிரி இருக்கு. இந்த ஜோடில இது ரொம்ப நடக்கும். ஒரு ஸ்பெயின்காரரும் ஒரு இத்தாலிக்காரரும் அவங்கவங்க மொழில மெதுவா பேசிக்கிட்டாலே பாதிக்கு மேல புரிஞ்சுக்குவாங்க, அதனால எனக்கு அந்த மொழியும் வரும்னு மனசார நம்பிடறாங்க, புரிஞ்சுக்கறதும் எழுதறதும் ஒன்னு இல்ல. சீன மொழில இருந்து இத்தாலியனுக்கு எழுதறவர் ஒவ்வொரு சொல்லையும் யோசிச்சுத்தான் வைப்பாரு, இங்க சொல் தானா வந்து விழுது, அதான் ஆபத்து. அதனால ஒரு விஷயத்துல விட்டே குடுக்காதீங்க, எழுதற ஆளுக்கு இத்தாலியன்தான் தாய்மொழியா இருக்கணும், ஸ்பானிஷ் அவர் படிச்சு வாழ்ந்து கத்துக்கிட்டதா இருக்கணும். மாத்தி வேண்டாம்.

எங்க தேடறதுன்னு கேட்டீங்க. டிரான்ஸ்லேட்டருங்களுக்கான சைட் ப்ரோஸ் டாட் காம் 1999ல இருந்து இருக்கு, அதுல மொழி ஜோடி, தாய்மொழி, துறைன்னு மூணையும் சேத்து தேடலாம், டூரிசம் அண்ட் டிராவல்னே ஒரு துறை இருக்கு. அங்க நான் பாக்கறது ப்ரொஃபைல்ல எழுதி இருக்கற பெருமைய இல்ல, கூடோஸ்னு ஒரு பகுதி இருக்கும், டிரான்ஸ்லேட்டருங்க ஒருத்தர ஒருத்தர் வார்த்தை கேட்டு பதில் சொல்லிக்கற எடம், அது எல்லாருக்கும் தெரியற மாதிரி கெடக்கும். ஒருத்தர் அங்க என்ன பதில் சொன்னாரு, ஏன் இந்த வார்த்தைன்னு விளக்கினாரா, தப்புன்னு காட்டினப்ப ஒத்துக்கிட்டாரா, பத்து பதில் படிச்சா ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். அப்பறம் இத்தாலில ஐத்தினு ஒரு சங்கம், மொழிபெயர்ப்பாளர்கள் இன்டர்ப்ரெட்டர்கள் சங்கம், 1950ல ஆரம்பிச்சது, ஸ்பெயின்ல அசெத்ராத், 2003ல வந்தது. ரெண்டுலயும் உறுப்பினர் பட்டியல் ஆன்லைன்லயே இருக்கு, மொழி போட்டு தேடலாம். போலோன்யா பல்கலைக்கழகத்தோட ஃபோர்லி வளாகம், த்ரியெஸ்தே பல்கலைக்கழகம், இந்த ரெண்டு எடத்துலயும் மொழிபெயர்ப்புக்குன்னே படிப்பு இருக்கு, அங்க படிச்சவங்கன்னா அடிப்படை சரியா இருக்கும்.

ஏஜென்சி வழியா போனீங்கன்னா ஐஎஸ்ஓ 17100 படி செய்யறாங்களான்னு கேளுங்க, 2015ல வந்த தரம், அதுல மொழிபெயர்த்தவர் இல்லாம ரெண்டாவது ஆள் ஒப்பிட்டு திருத்தியே ஆகணும். ஆமான்னு சொன்னா அந்த ரெண்டாவது ஆள் யாருன்னும் கேளுங்க, மழுப்பினா விட்டுடுங்க.

இன்னொன்னு கவனம். நல்ல டிரான்ஸ்லேட்டரோட பயோடேட்டாவ அப்படியே திருடி மெயில் ஐடி மட்டும் மாத்தி அனுப்பற கூட்டம் ஒன்னு சுத்திட்டு இருக்கு. அதனால உங்களுக்கு வந்த மெயிலுக்கு பதில் போடாம, சங்கத்தோட பட்டியல்லயோ அவர் சொந்த வெப்சைட்லயோ இருக்கற முகவரிக்கு எழுதி, நீங்கதான் எனக்கு எழுதினீங்களான்னு ஒரு வரி கேட்டுடுங்க. ஒரு வீடியோ கால் போட்டு பத்து நிமிஷம் பேசிட்டா இன்னும் நிம்மதி.

இத்தாலில சிலர் வார்த்தைக்கு இவ்ளோன்னு சொல்லாம கார்தெல்லானு ஒரு கணக்குல சொல்லுவாங்க, சாதாரணமா இடைவெளியோட சேத்து 1,500 எழுத்து ஒரு கார்தெல்லா, புத்தகத்துக்கு 1,800. எது கணக்குன்னு முதல்லயே எழுத்துல வாங்கிக்கோங்க.

இப்ப முக்கியமானது, மொழி தெரியாம எப்படி சோதிக்கறது. உங்க டெக்ஸ்ட்லயே 250 வார்த்தை எடுங்க, குழி இருக்கற எடமா பாத்து எடுங்க, மூணு பேருக்கு காசு குடுத்து செய்ய சொல்லுங்க, சும்மா செய்ய சொல்லாதீங்க. குழின்னா, உதாரணத்துக்கு உங்க டெக்ஸ்ட்ல ஹாபிதாசியோன் தோப்லேனு இருக்கும், ரெண்டு பேர் ரூம். இத்தாலியன்ல காமெரா தோப்பியானு போட்டா ரெண்டு தனித்தனி கட்டில், காமெரா மாத்ரிமோனியாலேனு போட்டா ஒரே பெரிய கட்டில். ஸ்பானிஷ் வார்த்தை ரெண்டுக்கும் ஒத்து வரும். அப்ப நல்ல ஆள் என்ன செய்வாரு, தானா ஒன்ன போட மாட்டாரு, இந்த ரூம்ல கட்டில் எப்படி இருக்குன்னு உங்ககிட்ட கேப்பாரு. நான் ஆள் எடுக்கறப்ப மொழிபெயர்ப்ப விட முன்னாடி அவர் அனுப்பற கேள்விய படிப்பேன். 250 வார்த்தைக்கு ஒரு கேள்வி கூட வரலன்னா அந்த ஆள் வேண்டாம்.


மஞ்சள்அம்பு:

நான் அந்த பாதைய ரெண்டு தடவ நடந்திருக்கேன், ஒரு தடவ பூரா இத்தாலிக்காரங்க கூடவேதான் நடந்தேன், அதனால டிரான்ஸ்லேட்டர் பத்தி தெரியாட்டியும் வார்த்தைங்க பத்தி சொல்றேன். சகோ, அல்பேர்கே கதைக்கு நேர் தலைகீழ் ஒன்னு இருக்கு, அதையும் பாத்துக்கோங்க. ஸ்பெயின்ல ஒஸ்தால்னா சின்ன லாட்ஜ் மாதிரி, தனி ரூம், பல எடத்துல தனி பாத்ரூமும் இருக்கும். இத்தாலியன்ல ஒஸ்தெல்லோனா டார்மிட்டரி. உங்க கையேட்ல ஒஸ்தால ஒஸ்தெல்லோனு மாத்தியிருந்தா, தனி ரூம் இருக்கற டூர இத்தாலிக்காரங்க டார்மிட்டரினு நெனச்சு புக் பண்ணாமயே போயிருப்பாங்க. முதல் தப்புக்கு திட்டு வந்துச்சு, இந்த தப்புக்கு திட்டு கூட வராது, ஆள் வராததுதான் கணக்கு.

அடுத்தது முத்திரை. யாத்திரை முடிச்சதுக்கு குடுக்கற கொம்போஸ்தேலா சான்றிதழ் வாங்கணும்னா குறைஞ்சது 100 கிலோமீட்டர் நடந்திருக்கணும், சைக்கிள்னா 200, க்ரெதென்சியால்னு சொல்ற யாத்ரீகர் அட்டைல ஒரு நாளைக்கு ரெண்டு முத்திரை வாங்கணும். ஸ்பானிஷ்ல அது ஸெய்யோ. இத்தாலியன்ல அதுக்கு திம்ப்ரோ, ரப்பர் ஸ்டாம்ப். சிலர் சிஜில்லோனு போடறாங்க, அது அரக்கு வெச்சு மூடற சீல். நடக்கறவனுக்கு இது சாதாரண விஷயம் இல்லங்க, காபி கடைல கூட அட்டைய நீட்டி முத்திரை வாங்கறது அந்த நாளோட பெரிய சந்தோஷம், சாயங்காலம் கட்டில்ல உக்காந்து எல்லாரும் அட்டைய விரிச்சு வெச்சு பாப்பாங்க. அந்த வார்த்தை தப்பா இருந்தா இத எழுதினவன் இங்க நடந்ததே இல்லனு உடனே தெரிஞ்சுடும்.

எல்லாத்தையும் மாத்தவும் வேண்டாம். புவென் காமினோனு ஒருத்தர ஒருத்தர் வாழ்த்திக்கறத இத்தாலிக்காரங்களும் ஸ்பானிஷ்லயேதான் சொல்றாங்க, அத அப்படியே விடுங்க. ஆனா கூகுள்ல தேடறப்ப அவங்க தட்டறது கம்மினோ தி சந்தியாகோ, அவங்க மொழில, ரெண்டு ம் சத்தம் வரும். பை தூக்கிட்டு போற சர்வீஸுக்கு த்ராஸ்போர்த்தோ ஜாயினினு தேடுவாங்க. உங்க ஆளுக்கு இந்த தேடல் வார்த்தையெல்லாம் தெரியுமான்னு கேளுங்க, வெப்சைட் தலைப்புல அது வரணும்.

தெரு பேர், சதுக்கம் பேர் தொடவே கூடாது. சந்தியாகோல பலகை எல்லாம் அந்த பகுதியோட கலீசிய மொழில இருக்கும், ப்ராஸா தோ ஒப்ராதோய்ரோனு. ஸ்பானிஷ்ல ப்ளாஸானு இருக்கறத இத்தாலியன்ல பியாஸ்ஸானு மாத்தி குடுத்தா நடந்து களைச்சவன் பலகைல எத தேடுவான். ஊர் பேர்ல மட்டும் வழக்கம் வேற, ஸெவிய்யாவ அவங்க ஸிவில்யானுதான் எழுதுவாங்க, ஸாரகோஸா அவங்களுக்கு ஸரகொத்ஸா. போர்தோமரின், மெலிதே, அர்ஸுவா மாதிரி சின்ன ஊர்ங்க அப்படியே இருக்கட்டும்.


உப்புமிளகு:

சாப்பாடு பக்கத்த யாரும் தொடல, நான் ஹோட்டல் கிச்சன்ல வேலை பாத்தவ, எனக்கு இதுதான் பயம். உங்க டூர்ல காசு வாங்கிட்டு சாப்பாடும் குடுக்கறீங்கன்னா அலர்ஜி பட்டியல் இருக்கும், ஐரோப்பிய யூனியன்ல 1169/2011 விதிப்படி 14 பொருள சொல்லியாகணும். இதுல இறால் நண்டு வகை ஒரு பொருள், சிப்பி கணவாய் ஆக்டோபஸ் வகை தனி பொருள். ஸ்பானிஷ்ல மரிஸ்கோனு ஒரே வார்த்தைல எல்லாத்தையும் அள்ளிடுவாங்க. ஒருத்தருக்கு இறால் ஆகாது ஆனா ஆக்டோபஸ் ஆகும்னு இருக்கலாம், நீங்க நடக்கற வழில மெலிதேல ஆக்டோபஸ்தான் பேர் போனது, அங்க போய் அவர் சாப்பிடலாமா கூடாதான்னு கையேட்ட பாத்து முடிவு பண்ண முடியணும்.

பருப்பு கொட்டைங்களுக்கு ஸ்பானிஷ்ல பேச்சுவழக்குல ஃப்ரூதோஸ் ஸேகோஸ்னுவாங்க. அத அப்படியே இத்தாலியன்ல ஃப்ருத்தா ஸெக்கானு போட்டா அது உலர் பழத்தையும் குறிக்கும், பாதாம் முந்திரியையும் குறிக்கும். சட்டத்துல இத்தாலியன் வார்த்தை ஃப்ருத்தா ஆ கூஷோ, ஓட்டோட வர்ற கொட்டை. தார்த்தா தே சந்தியாகோ, மேல மாவு சர்க்கரைல சிலுவை போட்ட அந்த கேக், அது பூரா பாதாம். எல்லா குரூப்புக்கும் கடைசி நாள் அத குடுப்பீங்கதானே, அதான் சொல்றேன்.

கால்தோ கலேகோவும் அப்படித்தான். ஸ்பானிஷ்ல கால்தோனா சூப், இத்தாலியன்ல அதே கால்தோனா சூடு. மெனுல ஏதோ சூடான கலீசிய ஐட்டம்னு வந்து நிக்கும், என்னன்னு ஒருத்தருக்கும் புரியாது. கீரை, உருளைக்கெழங்கு, வெள்ளை பீன்ஸ் எல்லாம் போட்டிருக்கும், பாத்தா சைவம் மாதிரி இருக்கும், ஆனா பன்னிக் கொழுப்பு போட்டுத்தான் பெரும்பாலும் வைப்பாங்க, சைவம் சாப்பிடற இத்தாலிக்காரர் காய்கறி சூப்னு நெனச்சு குடிச்சுடுவாரு. நல்ல டிரான்ஸ்லேட்டர் பேர அப்படியே வெச்சு பக்கத்துல ஒரு வரி என்னென்ன போட்டதுன்னு எழுதுவாரு. ஸ்பானிஷ்ல அஸேய்த்தேனா எண்ணெய், இத்தாலியன்ல அச்சேத்தோனா வினிகர், ஸ்பானிஷ்ல காம்பாஸ்னா இறால், இத்தாலியன்ல காம்பேனா காலுங்க, இது மாதிரி எத்தனையோ இருக்கு, எல்லாத்தையும் சொல்லிட்டு இருக்க முடியாது. அலர்ஜி பட்டியல மட்டும் தனியா எடுத்து, சமையல் தெரிஞ்ச இன்னொரு இத்தாலிக்காரர்கிட்ட காட்டாம ஏத்தாதீங்க, இத கெஞ்சி கேக்கறேன்.


பிட்டுபைட்டு:

எல்லாரும் மெஷின ரொம்ப ஒதுக்கற மாதிரி தெரியுது. டீப்எல் மாதிரி மொழிபெயர்ப்பு டூல் இந்த ரெண்டு மொழிக்கு நல்லாவே வருது, சொல்தராசு அவங்களே சொன்னாங்க சலீதாவ மெஷின் தப்பு பண்ணாதுன்னு. 18,000 வார்த்தைய மெஷின்ல போட்டு ஒரு இத்தாலிக்காரர வெச்சு திருத்தினா நேரம் பாதி, காசும் பாதி. ஐஎஸ்ஓ 18587னு 2017ல இதுக்கே தரம் வந்தாச்சு, மெஷின் எழுதினத மனுஷன் முழுசா திருத்தறதுக்கு. டூரிசம்னா என்ன, எட்டு மணிக்கு கிளம்பு, 22 கிலோமீட்டர் நட, மதியம் சாப்பிடு, இதுக்கு கவிஞர் வேணுமா.


சொல்தராசு:

பிட்டுபைட்டு, பாதி ஒத்துக்கறேன். நாள்வாரி தூரம், நேரம், பஸ் விவரம் இதையெல்லாம் மெஷின்ல போட்டு ஆள வெச்சு திருத்தலாம், நானும் அப்படி செஞ்சிருக்கேன். ஆனா ரெண்டு விஷயம். அல்பேர்கேவ பாருங்க, ஸ்பானிஷ் வாக்கியத்துல எந்த தப்பும் இல்ல, அல்பெர்கோனு போட்ட இத்தாலியன் வாக்கியமும் இலக்கணமா அழகா இருக்கு, திருத்தற ஆள் இத்தாலியன் மட்டும் படிச்சுட்டு போனா கண்ணுல படவே படாது. திருத்தறவர் ரெண்டு பக்கத்தையும் வரிக்கு வரி வெச்சு பாக்கணும், ஸ்பானிஷ் ஆழமா தெரியணும், அப்ப நீங்க சொன்ன பாதி நேரம் பாதியா இருக்காது.

இன்னொன்னு இங்கிலீஷ் வழி. நெடுவழி கேட்டாங்க இங்கிலீஷ நடுவுல வெச்சு போகலாமான்னு, வேண்டவே வேண்டாம். கூகுள் டிரான்ஸ்லேட் மாதிரி டூலே பல மொழி ஜோடிக்கு உள்ளுக்குள்ள இங்கிலீஷ் வழியா போனதுதான். ஸ்பானிஷ்ல நீன்னு சொல்ற து இருக்கு, நீங்கன்னு சொல்ற உஸ்தேத் இருக்கு, இங்கிலீஷுக்கு போனதும் ரெண்டும் ஒன்னாயிடும், அங்கிருந்து இத்தாலியனுக்கு வர்றப்ப ஒரு பக்கத்துல நீ, அடுத்த பக்கத்துல நீங்கன்னு கலந்து வரும். நம்ம மொழில ஒரு பெரியவருக்கு குடுக்கற கடிதத்துல வாங்கன்னு ஆரம்பிச்சு நடுவுல வான்னு எழுதினா எப்படி இருக்கும், அதேதான். ஸ்பெயின்ல விளம்பரம்லாம் நீன்னு சொல்றது சகஜம், இத்தாலியன்ல து, லேய், வோய்னு மூணு வழி இருக்கு, உங்ககிட்ட வர்றவங்க 60 வயசுக்காரங்கன்னா எது வைக்கறதுன்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணி எழுதி குடுத்துடுங்க, மெஷினோ ஆளோ யாரா இருந்தாலும்.

ஸ்பானிஷ்ல ஸூ எகிப்பாஹேனா உங்க லக்கேஜ், இத்தாலியன்ல எக்விபாஜ்ஜோனா கப்பல் விமான ஊழியர் குழு. அதுக்கு அவங்க சொல்றது பகாலியோ. இந்த மாதிரி வார்த்தைங்கள ஒரு அம்பது எடுத்து எக்ஸெல்ல பட்டியல் போட்டு, இதுக்கு இதுதான்னு டிரான்ஸ்லேட்டர்கிட்ட ஒத்துக்கிட்டு ஆரம்பிச்சா அடுத்த வருஷம் வேற ஆள் வந்தாலும் அதே வார்த்தை வரும். அப்பறம் பிடிஎஃப் அனுப்பாதீங்க, வேர்ட் ஃபைல் குடுங்க, வேலை முடிஞ்சதும் டிரான்ஸ்லேஷன் மெமரி ஃபைலையும், அதாவது ஸ்பானிஷ் வரியும் அதோட இத்தாலியன் வரியும் ஜோடியா சேமிச்ச ஃபைல, கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.


ஷரத்து:

புக்கிங் கண்டிஷன் இருக்குன்னு சொன்னதால இடையில வர்றேன். அந்த பகுதிய டூரிசம் டிரான்ஸ்லேட்டர்கிட்ட குடுக்காதீங்க, அவர் எவ்ளோ நல்லவரா இருந்தாலும். அட்வான்ஸ்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, ஸ்பானிஷ்ல ஸெஞ்ஞால்னு போட்டிருப்பீங்க, இத்தாலியன்ல அதுக்கு அக்கோந்தோனும் போடலாம், காப்பார்ரானும் போடலாம், ரெண்டும் ஒன்னு இல்ல. அக்கோந்தோன்னா வெறும் முன்பணம், டூர் நடக்கலன்னா திருப்பி குடுக்கணும். காப்பார்ரா கொன்ஃபெர்மத்தோரியானு எழுதிட்டா இத்தாலி சிவில் சட்டம் 1385வது பிரிவு வந்து உக்காந்துக்கும், குடுத்தவர் பின்வாங்கினா வாங்கினவர் அந்த பணத்த வெச்சுக்கலாம், வாங்கினவர் சொன்னபடி செய்யலன்னா குடுத்தவர் ரெண்டு மடங்கு கேக்கலாம். ஒரு வார்த்தைல உங்க கம்பெனி ரெண்டு மடங்கு திருப்பி தர்றேன்னு எழுதி குடுத்த மாதிரி ஆயிடும்.

பேக்கேஜ் டூர் சம்பந்தப்பட்ட ஐரோப்பிய உத்தரவு 2015/2302. ஐரோப்பிய யூனியன் சட்டமெல்லாம் இருக்கற யூர்லெக்ஸ் சைட்ல அத தொறந்து ஸ்பானிஷையும் இத்தாலியனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு படிக்கலாம், இலவசம். வியாஹே கொம்பினாதோனு ஸ்பானிஷ்ல இருக்கறது இத்தாலியன்ல பக்கெத்தோ துரிஸ்திக்கோ, வார்த்தைக்கு வார்த்தை மாத்தினா வேற எதுவோ வரும். உங்க ஆள் இந்த சைட்ட பாத்து வேலை செய்யறாரான்னு கேட்டாலே போதும். கையெழுத்து முத்திரையோட கோர்ட்டுக்கு போற மொழிபெயர்ப்பு வேணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கையேட்டுக்கும் வெப்சைட்டுக்கும் அதெல்லாம் தேவையே இல்ல.


நெடுவழி:

எல்லாருக்கும் மனசார நன்றி. மூணு வாரம் ஆச்சு, என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன். சங்க பட்டியல்ல இருந்து ரெண்டு பேர், ப்ரோஸ்ல இருந்து ஒருத்தர், மூணு பேருக்கும் 250 வார்த்தை குடுத்தேன், காசு குடுத்துத்தான். அல்பேர்கே, ஒஸ்தால், சலீதா, ஸெய்யோ, ரெண்டு பேர் ரூம், பாதாம் கேக் எல்லாம் அதுக்குள்ள இருக்கற மாதிரி ரெண்டாவது நாள் பக்கத்த எடுத்தேன்.

முதல் ஆள் அன்னிக்கே முடிச்சு அனுப்பிட்டாரு, கேள்வி ஒன்னும் இல்ல. ரெண்டாவது ஆள் ரெண்டு கேள்வி கேட்டாங்க, நல்ல கேள்விதான். மூணாவது அம்மா, ஐத்தி பட்டியல்ல இருந்து வந்தவங்க, ஒம்பது கேள்வி அனுப்பினாங்க. ரூம்ல கட்டில் எப்படின்னு கேட்டாங்க. சாப்பாட்டுல தண்ணியும் ஒயினும் சேந்ததா இல்ல தனியான்னு கேட்டாங்க, இத்தாலில மெஸ்ஸா பென்ஸியோனே, அதாவது ரூமோட காலை சாப்பாடும் இன்னொரு வேளை சாப்பாடும் சேந்ததுன்னா, பானம் தனி காசுன்னு ஜனங்க நெனப்பாங்களாம், சேந்ததுன்னா அத தெளிவா எழுதணுமாம், நாங்க ஸ்பானிஷ்லயே அத எழுதல. கடைசி கேள்விய படிச்சப்பதான் முடிவே பண்ணிட்டேன். உங்க டெக்ஸ்ட்ல போர்தோமரின் உள்ள நுழையறப்ப ஆத்துப் பாலம் தாண்டி கொஞ்சம் படின்னு இருக்கு, எத்தன படி, கைப்பிடி இருக்கா, வயசானவங்க படிக்கறாங்க, எண்ணிக்கை இருந்தா எழுதிடறேன்னு கேட்டிருந்தாங்க. எங்ககிட்ட பதில் இல்ல. எங்க கைடுக்கு போன் போட்டேன், அவர் மறுநாள் குரூப்போட போறப்ப நின்னு எண்ணிட்டு வந்து சொன்னாரு.

மூணையும் பேர் எடுத்துட்டு வேற ஒரு இத்தாலிக்காரர்கிட்ட குடுத்தேன், மலை நடைக்கு ஆள் கூட்டிட்டு போறவர், மொழிபெயர்ப்பு தொழில் இல்ல. எத படிச்சா இந்த டூருக்கு போகணும்னு தோணுதுன்னு மட்டும் கேட்டேன். அந்த அம்மா எழுதினதத்தான் எடுத்தாரு. டூர் பக்கமும் சாப்பாடும் அவங்களுக்கு, கண்டிஷன் அவங்களே சொன்ன சட்டம் படிச்ச இன்னொருத்தருக்கு, அலர்ஜி பட்டியல ஒரு இத்தாலி சமையல்காரர் பாக்கறாரு. மொத்தம் 13 நாள் கேட்டிருக்காங்க.

ஒன்னே ஒன்னு கேக்கணும், அல்பேர்கேக்கு அவங்க ரெண்டு வழி சொன்னாங்க, அல்பேர்கேனு ஸ்பானிஷ்லயே விட்டு முதல் தடவ மட்டும் விளக்கம் போடறது, இல்ல யாத்ரீகர் ஒஸ்தெல்லோனு முழுசா மாத்தறது. எது நல்லது?


மஞ்சள்அம்பு:

ஸ்பானிஷ்லயே விடுங்க, கூட நடந்த இத்தாலிக்காரங்க எல்லாருமே அல்பேர்கேனுதான் சொன்னாங்க, வழில இருக்கற பலகைலயும் அதுதான் இருக்கும். ஆனா விளக்கத்த முதல் பக்கத்துல மட்டும் போடாதீங்க, ஒவ்வொரு நாள் பக்கத்துலயும் தங்கற எடத்துக்கு கீழயே ஒரு வரி வரட்டும், ரெண்டடுக்கு கட்டில், பொது பாத்ரூம், ஒரு அறைல இத்தன பேர்னு. நடக்கறவங்க முழு கையேட்டயும் உக்காந்து படிக்க மாட்டாங்க, அன்னிக்கு உண்டான பக்கத்தத்தான் மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்குவாங்க.


நெடுவழி:

சரி, அப்படியே சொல்லிடறேன். அந்த தம்பதிக்கும் மெயில் போட்டிருக்கேன், இத்தாலியன்ல, இந்த அம்மாதான் எழுதி குடுத்தாங்க. நடந்ததுக்கு மன்னிப்பு கேட்டு, புது கையேட்டோட முதல் நாள் பக்கத்தையும் சேத்து அனுப்பினேன். முந்தாநேத்து பதில் வந்துச்சு, அடுத்த செப்டம்பர்ல காமெரா மாத்ரிமோனியாலே கெடைக்குமான்னு கேட்டிருக்காங்க.